கைப்பிடி இல்லாத கூடையும் தெங்கேரா கிறிஸ்மஸும்

டிசம்பர் பிறந்துவிட்டால் தோட்டத்து வேதக்கார வீடுகளில் இரண்டு கேள்விகள் எழும். "இந்த வருசம் யாரு வீட்டுக்குப் போறோம்?" என்பது ஒன்று. "எதை எடுத்துக்கிட்டுப் போறது?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சீக்கிரம் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதுக்குத்தான் 24ஆம் தேதி இராத்திரி வரைக்கும் பதில் இருக்காது.

ஏன் இப்படி? நம் சனங்கள் சோம்பேறிகளா? இல்லை தோழர்களே. சம்பளக் கணக்கைப் பாருங்கள், காரணம் விளங்கும். ஒரு மாதச் சம்பளத்தை, மாதம் முடிந்து 7 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது வேலைச் சட்டம். ஆக நவம்பர் சம்பளம் டிசம்பர் முதல் வாரத்தில் கைக்கு வரும். வந்ததும் மளிகைக் கடைப் பாக்கிக்குப் பாதி போகும். தீபாவளிக்கு வாங்கிய முன்பணத்துக்குப் பிடிப்பு வேறு. பள்ளிக்கூடம் ஜனவரியில் திறக்கிறதென்றால் சட்டை, சப்பாத்து, புத்தகப்பை எல்லாம் அந்த டிசம்பர் தலையில்தான் விழும். அடுத்த சம்பளமோ ஜனவரியில். இரண்டு சம்பளத்துக்கும் நட்ட நடுவில், கை காய்ந்து கிடக்கும் நாளில் வந்து உட்கார்ந்திருக்கிறது 25ஆம் தேதி! பெருநாளைக் குறித்த பெரியவர்கள் தோட்டத்துச் சம்பள நாளைக் கேட்டுக் குறிக்கவில்லை.

அதனால்தான் தோட்டத்துப் பரிசு கடையில் வாங்கிய பரிசாக இல்லாமல் கையால் செய்த பரிசாக இருந்தது. அதுவும் கடைசி நேரத்தில் செய்ததாக இருந்தது. "எங்கேயாவது கொஞ்சம் காசு பெரளும், ஒரு துணியாவது வாங்கிடலாம்" என்று அம்மாமார்கள் 23ஆம் தேதி வரைக்கும் நம்பியிருப்பார்கள். புரளாது என்று தெரிந்த பிறகுதான் ஒயரும் ஊசியும் மாவும் வெளியே வரும்.

நமக்கு இது நன்றாகத் தெரியும். நம் குடும்பம் வேதக்காரக் குடும்பம் அல்ல. ஆனால் அப்பாவின் அக்காள், நம் அத்தை, வேதக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டு மலாக்கா பட்டணத்தை ஒட்டிய தெங்கேராவில் குடியிருந்தார். தீபாவளிக்கு அவர் தோட்டத்துக்கு வருவார், கிறிஸ்மஸுக்கு நாங்கள் தெங்கேராவுக்குப் போவோம். எந்தச் சாமிக்கும் இதில் ஆட்சேபனை இருந்ததாகத் தெரியவில்லை.

தெங்கேரா என்ற பெயரே போர்த்துக்கீசியர் விட்டுப் போனது. 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் அவர்கள். அவர்கள் பாஷையில் மரத்தால் கட்டிய அரணுக்கு திராங்கேரா என்று பெயர். அது சனங்கள் வாயில் தெங்கேரா ஆனது. பட்டணத்திலிருந்து கிளேபாங், தஞ்சோங் கிளிங் பக்கம் போகிற சாலை அது. அந்தச் சாலையில்தான் 1728ஆம் ஆண்டுப் பழைய பள்ளிவாசல் இருக்கிறது. 1819இல் ராஃபிள்ஸோடு சிங்கப்பூருக்காகக் கையெழுத்துப் போட்ட சுல்தான் ஹுசேன் அடங்கியிருப்பதும் அதே வளாகத்தில்தான். அந்தப் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பு கேட்கும் தூரத்தில் அத்தை வீடு. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீட்டு வரிசை. முன்னால் ஐந்தடிப் பாதை. ஒரு பக்கம் மலாய்க்கார அம்மா, மறுபக்கம் வயதான நோன்யா.

இப்போது 1999ஆம் வருடத்துக் கதைக்கு வருவோம். அந்த டிசம்பரில் அத்தையிடமிருந்து கடிதம் வந்தது. "வீட்டை விடப் போறோம். இந்த வருசம் எல்லாரும் கண்டிப்பா வந்துருங்க. இந்த வீட்டுல இதுதான் கடைசிப் பெருநாள்."

விஷயம் இதுதான். 1948க்கு முன்னால் கட்டப்பட்ட வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரைக் கிளப்பவும் முடியாது. அந்தச் சட்டத்தை 1997இல் எடுத்துவிட்டார்கள். 1999 டிசம்பர் 31 வரைக்கும் தவணை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வீடு வீட்டுக்காரர் இஷ்டம். பினாங்கிலும் மலாக்காவிலும் பழைய பட்டண வீடுகளில் பல வருஷமாகக் குடியிருந்தவர்கள் அந்தப் புது வருடத்தோடு மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. அத்தை அதுவரை 80 வெள்ளி கொடுத்து வந்தார். ஜனவரியிலிருந்து 600 வெள்ளி என்று சொல்லி அனுப்பினார்கள். மாமாவுக்கு லோரி ஓட்டுகிற வேலை. எங்கே போவது 600க்கு?

தோட்டத்திலும் அது நல்ல வருடம் அல்ல. ரப்பர் விலை படுத்துக் கிடந்தது. விலையைத் தாங்கிப் பிடிக்க நாடுகள் சேர்ந்து நடத்திய அனைத்துலக இயற்கை ரப்பர் அமைப்பும் அந்த அக்டோபரில் கலைந்து போனது. விலை இறங்கினால் பால் வெட்டுகிறவர் கைக்கு வருவதும் இறங்கும். அம்மாவின் டிசம்பர் சம்பளச் சீட்டை நாம் பார்த்தோம். தீபாவளி முன்பணப் பிடிப்பு போக மிச்சம் இருந்ததைப் பார்த்து அம்மா ஒன்றும் பேசவில்லை. சீட்டை நாலாக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டுப் பாத்திரம் விளக்கப் போய்விட்டார்.

"வெறுங்கையோட அண்ணி வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று 22ஆம் தேதி இராத்திரி சொன்னார். "வீடு மாறப் போறவங்களுக்குக் கூடைதான் தோதா இருக்கும்." பெரிய ஒயர் கூடை. கடையில் கடன் சொல்லிப் பச்சை ஒயர் ஒரு கட்டு, வெள்ளை ஒயர் ஒரு கட்டு வாங்கி வந்தாயிற்று. தங்கச்சிக்கு அச்சு முறுக்கு வேலை. நமக்கு நட்சத்திரம்.

25ஆம் தேதி அந்த வருடம் சனிக்கிழமை. 24ஆம் தேதி பகல் வேலை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவது என்று திட்டம். விடியற்காலை மழை பிடித்துக்கொண்டது! மரம் நனைந்தால் வெட்ட முடியாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூடையைக் கையில் எடுத்தார். பத்து மணிக்கு மழை விட்டது. மண்டோர் வந்து கதவைத் தட்டினார். "மரம் காயுது, எல்லாரும் வெட்டுக்கு வரணும். இன்னைக்கு வராதவங்களுக்கு நாளைக்குப் பெருநாள் சம்பளம் கிடையாதுன்னு கிராணி சொல்லச் சொன்னாரு."

அம்மா கூடையை வைத்துவிட்டுப் போனார். மத்தியானத்துக்குப் பிறகு பால் எடுத்து, நிறுவை முடிந்து, வீடு வந்தபோது மணி நாலரை. கூடைக்கு அடிப்பாகமும் அரைச் சுவரும் ஆகியிருந்தது, அவ்வளவுதான். அப்பா இராக் காவலுக்குப் போகிறவர், அவரால் வர முடியாது. "போயிட்டு வாங்க, அக்காகிட்ட நான் கேட்டதா சொல்லுங்க" என்று ஐந்து வெள்ளியைத் தங்கச்சி கையில் வைத்தார்.

ஜாசின் பக்கத்திலிருந்து மலாக்காவுக்குப் பஸ். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தார். மடியில் ஒயர், வாயில் ஒயர், முன் சீட்டின் கம்பியில் கட்டி இழுத்த ஒயர். நம் மடியில் நட்சத்திரம் அகலமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒருவரும் உட்கார முடியவில்லை. தங்கச்சி முறுக்கு டின்னைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தாள். பட்டணம் நெருங்கும்போது கூடைக்கு விளிம்பு மடித்தாயிற்று. கைப்பிடிக்கு ஒயர் இல்லை! எந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தும் ஒரு சாண்கூட மிஞ்சவில்லை.

பின் சீட்டில் காய்கறி விற்கிற சீனக் கிழவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். கீரைக் கட்டிலிருந்து நீல நைலான் கயிற்றை அவிழ்த்தார், ஒன்றும் பேசாமல் நீட்டினார். அம்மா "தெரிமா காசி" என்றார். பச்சை வெள்ளைக் கூடைக்கு நீலக் கைப்பிடி வந்தது இப்படித்தான்.

தஞ்சோங் கிளிங் பஸ் மாறித் தெங்கேராவில் இறங்கியபோது ஏழு மணி ஆகிவிட்டது. அவசரத்தில் நட்சத்திரத்தின் ஒரு மூக்கு பஸ் கதவில் இடித்து ஒடிந்தது. அது நோன்பு மாதம். பள்ளிவாசலில் நோன்பு துறக்கும் நேரம் நெருங்கியதால் சாலையே அடங்கிக் கிடந்தது. அத்தை வாசலிலேயே நின்றார்.

"வா புள்ள. இருட்டிருச்சேன்னு பாத்துக்கிட்டே நிக்கிறேன்."

அம்மா கூடையை நீட்டினார். அத்தை அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், ஒரு சிரிப்பு!

"ஏன் புள்ள, வேதக்கார வீட்டுக்குச் சிவன் கண்ணு பின்னிக் கொண்டாந்திருக்கியே!"

அம்மா போட்டிருந்தது சிவன் கண் முடிச்சு. அவருக்குத் தெரிந்த பின்னலில் அழகானது அதுதான். "கண்ணு எந்தச் சாமியோடதா இருந்தா என்ன அண்ணி, சாமான் கீழ விழாம இருந்தா சரி" என்றார்.

அன்று அந்த வீட்டில் பதினேழு பேர். சிங்கப்பூரிலிருந்து, கிள்ளானிலிருந்து, சிரம்பானிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். வெளியில் வேலை செய்கிறவர்கள் சாக்லேட் டின்களும் சட்டைத் துணிகளும் கொண்டு வந்திருந்தார்கள். அவற்றையும் அத்தை சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார். நாம் ஒன்றை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்திச் சொல்ல வரவில்லை. காசு இருந்தால் நம் அம்மாவும் துணிதான் வாங்கியிருப்பார்.

நோன்பு துறந்த பிறகு தங்கச்சி பக்கத்து வீட்டுக்கு முறுக்கு கொண்டு போனாள். மலாய்க்கார அம்மா அதைக் குவே லோயாங் என்றார், நோன்புப் பெருநாளுக்கு அவர்களும் செய்வது. கேரளத்தில் அதே பலகாரம் அச்சப்பம். அச்சு ஒன்றுதான், முக்கி எடுக்கிற கைகள்தான் வேறு. டின் வெறும் டின்னாகத் திரும்பி வரவில்லை. உள்ளே பேரீச்சம்பழமும் டோடோலும் இருந்தன. நள்ளிரவுப் பூசைக்கு மாமாவின் லோரியில் ஏறிப் பட்டணத்துக்குப் போனோம். மலாக்காவில் கோவிலுக்குக் குறைவில்லை. செயிண்ட் பீட்டர் கோவில் 1710இல் கட்டியது. சவேரியார் பெயரிலும் ஒரு பெரிய கோவில் உண்டு. சவேரியார் நமக்கு அந்நியர் அல்ல. 1542இலிருந்து முத்துக்குளித்துறையில் பரதவர் மத்தியில் வேலை செய்துவிட்டு 1545இல் மலாக்கா வந்தவர் அவர். சீனக் கரையில் இறந்த பிறகு, கோவாவுக்குப் போகுமுன் 1553இல் அவர் உடல் சில மாதம் அடங்கியிருந்தது மலாக்கா மலைக்கோவிலில்தான். மாமா இதை ஒவ்வொரு வருடமும் சொல்லுவார், நாங்களும் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்பது போலக் கேட்போம்.

பூசை முடிந்து வந்து பாய் விரித்துப் படுத்தபோது ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. "இந்தச் சுவத்துலதான் நீங்க எல்லாம் உசரம் அளந்தீங்க" என்றார் அத்தை இருட்டில். பென்சில் கோடுகள் இருந்தன. வீட்டை விடும்போது சுவரையா எடுத்துக்கொண்டு போக முடியும்?

இனி, தொழிற்சங்கத்துக்காரன் பேச வேண்டிய இடம். அன்று கிராணி சொல்லி அனுப்பியது சட்டத்தில் பாதி. மீதிப் பாதியை அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. பொது விடுமுறைக்கு முந்தின வேலை நாளிலோ அடுத்த வேலை நாளிலோ அனுமதி இல்லாமல் வராமல் இருந்தால் அந்த விடுமுறைச் சம்பளத்தை மறுக்கலாம் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60D பிரிவில் இருப்பது உண்மைதான். ஆனால் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தால் அந்தத் தடை இல்லை. நியாயமான காரணம் இருந்தாலும் இல்லை. அம்மாவுக்கு வருடாந்திர விடுப்பில் நாள் மிச்சம் இருந்தது. ஒரு வாரத்துக்கு முன் 24ஆம் தேதிக்கு விடுப்பு எழுதி வாங்கியிருந்தால் மழையும் பாதிக்காது, மண்டோரும் கதவைத் தட்டியிருக்க மாட்டார். பதினைந்து வருஷம் வேலை செய்த மனுஷிக்கு இது தெரியாமல் போனது யார் குற்றம்? தெரிந்தவர்கள் சொல்லாத குற்றம்தான்.

அதனால் நாம் நவம்பர் பிறந்ததும் தோட்டம் தோட்டமாகப் போய் இதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறோம். விடுப்பை வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள், ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்குக் குறைந்த வேலைக்கு 8 நாள், ஐந்து வருடத்துக்குள் 12 நாள், அதற்கு மேல் 16 நாள் விடுப்பு என்பது சட்டம் சொல்கிற குறைந்த அளவு. சம்பளத்தோடு பொது விடுமுறை அம்மா காலத்தில் 10 நாள், இப்போது 11 நாள். அதில் ஐந்து நாள் கட்டாயம். தேசிய தினம், மாமன்னர் பிறந்த நாள், மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநர் பிறந்த நாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறு நாளை அரசாங்கம் அறிவித்த விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். கிறிஸ்மஸ் அந்த ஆறில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்! எந்த ஆறு என்று வருடம் பிறக்கும் முன்னால் வேலை இடத்தில் அறிக்கை ஒட்ட வேண்டும். டிசம்பரில் பிரட்டுக் களத்துப் பலகையை ஒரு தரம் நின்று படியுங்கள். உங்கள் பெருநாள் அதில் இல்லையென்றால், இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பெருநாள் அன்றே வேலைக்குக் கூப்பிட்டால், விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும். முன்பணம் உட்பட எல்லாப் பிடிப்பும் சேர்ந்து, பொதுவாக ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் பாதி எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சீட்டைப் பாருங்கள்.

இந்தச் சட்டம் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் உண்டு. பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் இன்று பக்கத்து வீட்டில் இருப்பவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசியாகவோ நேப்பாளியாகவோ இருப்பார். புளோரெஸ் தீவுக்காரர்களில் வேதக்காரர்கள் அதிகம். சில வருடத்துக்கு முன் ஒரு கிறிஸ்மஸ் இரவில் அவர்களில் இருவர் செம்பனை ஈர்க்கில் ஒரு சின்னக் குடில் கட்டி, கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பின்னால் வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம். போக வீடு இல்லாதவர்கள். மறுநாள் அவர்களை நம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தோம், வந்தார்கள். கையில் ஒரு ஈர்க்குத் தட்டு பின்னிக் கொண்டு வந்தார்கள். எப்போது பின்னினீர்கள் என்று கேட்டோம். இராத்திரியே என்றார்கள்.

நட்சத்திரம் செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறோம், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே நீளமாகப் பத்து மூங்கில் குச்சி வேண்டும். ஐந்து குச்சியை ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக வைத்துக் கட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று வரும். அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து ஐந்து முனைகளிலும் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு உள்ளே குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களில் விரல் நீளக் குச்சிகளைக் குறுக்கே கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். மேலே பட்டத்துக் காகிதம் ஒட்ட வேண்டும். பிலிப்பைன்ஸில் பரோல் என்று சொல்லும் நட்சத்திர விளக்கும் இதே மூங்கில், இதே காகிதம்தான். உள்ளே மெழுகுவர்த்தி மட்டும் வைக்காதீர்கள். பலகை வீட்டு லயங்களில் ஒரு வீட்டில் பிடித்த தீ ஒரு வீட்டோடு நிற்காது. சின்ன பல்பு போதும்.

ஒடிந்த மூக்கை அன்று அத்தை வீட்டு ரப்பர் வளையம் போட்டுக் கட்டினோம். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவனுக்குத் தெங்கேராவில்தான் ரப்பர் கிடைத்தது என்று மாமா கேலி செய்தார். தோட்டத்தில் ஒட்டுப்பாலைக் கிள்ளிப் பந்து உருட்டினாலே திருட்டு என்று விரட்டுவார்கள், நாம் எங்கே போவது ரப்பருக்கு!

2000 ஜனவரியில் அத்தை குடும்பம் பட்டணத்துக்கு வெளியே அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டது. சாமான்கள் எல்லாம் லோரியில் போயின. குடில் சுரூபங்களை மட்டும், மாட்டையும் ஆட்டையும் சூசையப்பரையும் பழைய பத்திரிகையில் சுற்றி அந்தக் கூடையில் வைத்து அத்தை மடியிலேயே கொண்டு போனார். 2008இல் மலாக்காவும் ஜோர்ஜ்டவுனும் உலகப் பாரம்பரிய நகரங்கள் ஆயின. அத்தை இருந்த வீட்டில் இன்று வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப் போகிறார்கள். ஒரு தரம் அந்த வழியாகப் போனபோது கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தோம். சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள்.

கிறிஸ்மஸுக்கு இப்போதும் அத்தையிடம்தான் போகிறோம். அம்மாவால் நெடும்பயணம் முடியவில்லை, நாம் போகிறோம். போகும் வழியில் உஜோங் பாசிர் போர்த்துக்கீசியக் கிராமத்து விளக்கு அலங்காரம் பார்க்கப் பிள்ளைகள் நச்சரிக்கும். அங்கே மாட்டிக்கொண்டால் கார் ஒரு மணி நேரம் நகராது. அதனால் திரும்பும் வழியில் என்று சொல்லிச் சமாளிப்போம். சென்ற வருடம் 23ஆம் தேதி இரவு பதினோரு மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து அத்தானின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "மாமா, நட்சத்திரத்துக்கு எத்தனை குச்சி?" பத்து என்றோம். "இப்பதான் செய்ய ஆரம்பிக்கிறேன், நாளைக்குப் பஸ்ஸுல கொண்டு வர முடியுமா?" முடியும், கதவில் மட்டும் இடிக்காதே என்றோம்.

அத்தை வீட்டு அலமாரிக்கு மேல் அந்தக் கூடை இருக்கிறது. சுரூபங்கள் வருடம் முழுவதும் அதிலேதான். பச்சை ஒயர் வெளுத்துவிட்டது, முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. நீலக் கயிறுதான் ஒரு பக்கம் நைந்து நூல் நூலாகத் தொங்குகிறது. இந்த முறை போகும்போது இரண்டு முழம் நைலான் கயிறு எடுத்துப் போக வேண்டும். நீலமாகவே கிடைக்கிறதா என்று பாசாரில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.